கல்லூரி சீட்டு: ஜெராக்ஸ் கடை அக்கா சொல்வது

தர்மபுரி மாவட்டம் பாலக்கோடு பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். இரண்டு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், லேமினேஷன் மெஷின், வாசலில் ஒரு பெஞ்ச். வருஷத்தில் பத்து மாதம் பட்டா நகல், ஆதார் பிரிண்ட், கரண்ட் பில் என்று ஓடும். மே மாதம் பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் பெஞ்சில் இடம் இருக்காது. மண்டியில் தக்காளி இறக்கிவிட்டு அதே சட்டையோடு வரும் அப்பாக்கள், மாரண்டஅள்ளியிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து இறங்கும் அம்மாக்கள், பக்கத்தில் எதுவும் பேசாமல் நிற்கும் பிள்ளைகள். எல்லாரும் கேட்பது ஒரே கேள்விதான்.

"அக்கா, இந்த மார்க்குக்கு எந்தக் காலேஜ் கிடைக்கும்?"

நான் திருப்பிக் கேட்பேன்: "சாதிச் சான்றிதழ் கார்டாக இருக்கா, பேப்பரா?" முகம் வாடிவிடும். ஆனால் பதினேழு வருஷமாக இந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்த்ததை வைத்துச் சொல்கிறேன். மார்க் குறைந்ததால் நல்ல இடத்தை இழந்தவர்களைவிட, ஒரு காகிதம் நேரத்துக்கு வராமலும், கல்லூரிகளை விரும்பும் வரிசையில் எழுதும் பட்டியலை ஏனோதானோ என்று போட்டும் இடத்தை விட்டவர்களைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். மார்க் ஏற்கெனவே வந்துவிட்டது, அதை நானும் மாற்ற முடியாது, நீங்களும் மாற்ற முடியாது. காகிதமும் பட்டியலும் இன்னும் உங்கள் கையில் இருக்கின்றன. அதனால் பெரும்பாலும் அவற்றைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

இன்னும் பரீட்சை எழுதாதவர்களுக்கு முதலில் ஒரு கணக்கு

நான் தர்மபுரி அரசு கலைக் கல்லூரியில் கணிதம் படித்தவள். அதனால் இதைச் சொல்லாமல் நகர முடியாது. பொறியியல் சேர்க்கைக்குப் பிள்ளைகளை வரிசைப்படுத்தும் கட்-ஆஃப் மார்க் 200-க்கு. கணக்கில் வாங்கிய மார்க் அப்படியே சேரும். இயற்பியலில் பாதி, வேதியியலில் பாதி. அவ்வளவுதான். தமிழும் ஆங்கிலமும் கம்ப்யூட்டர் சயின்ஸும் இதில் வராது.

இதன் அர்த்தம் என்ன என்று பல பிள்ளைகள் யோசிப்பதே இல்லை. ஒருவன் கணக்கில் 90, இயற்பியலில் 70, வேதியியலில் 70. கட்-ஆஃப் 160. இன்னொருவன் கணக்கில் 70, மற்ற இரண்டிலும் 90, 90. அவனுக்கும் 160. மூன்று பாடத்தையும் கூட்டினால் இரண்டாமவனுக்கு இருபது மார்க் அதிகம், ஆனால் கட்-ஆஃபில் இருவரும் ஒன்றுதான். அதுமட்டுமில்லை, கட்-ஆஃப் சமமாக வந்தால் முதலில் கணக்கு மார்க்கைத்தான் பார்ப்பார்கள். முதலாமவன் முன்னால் போய்விடுவான். ஜனவரியில் கையில் இருக்கும் நேரம் கொஞ்சம்தான் என்றால் அதை எதில் போடுவது என்று இப்போது தெரிந்திருக்கும்.

இயற்பியல், வேதியியலில் நூறில் முப்பது மார்க் செய்முறைத் தேர்வும் அகமதிப்பீடும் சேர்ந்தது. ரெக்கார்டு நோட்டைக் கடைசி வாரத்தில் நண்பனுடையதைப் பார்த்து எழுதும் பிள்ளைகள் இங்கே வந்துதான் படங்களை ஜெராக்ஸ் எடுப்பார்கள். காசு வாங்கிக்கொள்கிறேன், ஆனாலும் திட்டிவிட்டுத்தான் கொடுப்பேன்.

ரேண்டம் எண் என்று ஒன்று கொடுப்பார்கள். பெரிய எண் வந்தது என்று ஒரு பையன் போன வருஷம் கடைக்கு லட்டு கொண்டுவந்தான். லட்டு நன்றாக இருந்தது. அந்த எண் வேலைக்கு வருவது கட்-ஆஃப், கணக்கு, இயற்பியல், மற்ற மார்க்குகள், பிறந்த தேதி எல்லாம் இரண்டு பேருக்கும் ஒன்றாக இருந்தால் மட்டும்தான். அதை நினைத்துத் தூக்கம் கெடாதீர்கள்.

காகிதங்கள்: டிசம்பரில் தொடங்குங்கள்

மே மாதம் தொடங்கினால் என்ன ஆகும் என்று சொல்கிறேன். சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று எல்லாம் இ-சேவை வழியாகத்தான். விண்ணப்பம் கிராம நிர்வாக அலுவலரிடம் போய், அங்கிருந்து வருவாய் ஆய்வாளர், அங்கிருந்து தாலுகா அலுவலகம் என்று படி ஏறும். கட்டணம் 60 ரூபாய். மே, ஜூனில் தாலுகாவில் இருக்கும் பிளஸ் டூ பிள்ளைகள் அத்தனை பேரும், அவர்களோடு பள்ளியில் சேரும் சின்னப் பிள்ளைகளும் ஒரே நேரத்தில் விண்ணப்பிப்பார்கள். ஆய்வாளரும் மனிதர்தானே, எத்தனைதான் பார்ப்பார்? அரையாண்டு விடுமுறையில் விண்ணப்பித்தால் அவரே உங்கள் வீட்டு நிலவரத்தைப் பொறுமையாக விசாரித்துக் கையெழுத்துப் போடுவார்.

முதலில் கேன் எண், அதாவது இ-சேவையில் உங்கள் பெயருக்குத் தரும் பதிவு எண், எடுக்க வேண்டும். ஒருமுறை எடுத்தால் போதும், அதையே எல்லாச் சான்றுக்கும் பயன்படுத்தலாம். இந்த எண்ணுக்கு ஒரு கைபேசி எண்ணைச் சேர்ப்பார்கள். ஓ.டி.பி. அதில்தான் வரும். பெங்களூரில் கட்டட வேலையில் இருக்கும் மாமாவின் எண்ணைக் கொடுத்துவிட்டு, அவர் வேலையில் போனை எடுக்காமல், கடையில் இரண்டு மணி நேரம் காத்திருந்து திரும்பிப்போனவர்கள் உண்டு. வீட்டில் எப்போதும் இருக்கும் போன் எண்ணைக் கொடுங்கள். ரீசார்ஜ் இருக்கட்டும்.

சாதிச் சான்று: பி.சி., எம்.பி.சி. என்றால் துணை வட்டாட்சியர் அளவில் முடிந்துவிடும். எஸ்.சி. என்றால் வட்டாட்சியர். எஸ்.டி. என்றால் கோட்டாட்சியர் வரை போக வேண்டும். சித்தேரி, வத்தல்மலைப் பிள்ளைகள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள், உங்களுக்கு மற்றவர்களைவிட நாள் ஆகும். அப்பாவுடைய சான்று, இல்லாவிட்டால் சித்தப்பா, பெரியப்பாவுடையது என்று ரத்த உறவில் யாருடையதாவது ஒன்றைத் தேடி எடுத்துவிட்டுப் போங்கள். டிரங்குப் பெட்டியின் அடியில் எப்போதும் ஒன்று இருக்கும். பழைய கையெழுத்துச் சான்றை வைத்துக்கொண்டு "இது போதும்மா" என்று சொல்லும் பெரியவர்களிடம் நான் வாதாடுவதில்லை. புதிய டிஜிட்டல் சான்றுக்கு விண்ணப்பத்தைத் திறந்துவிடுவேன்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்? தமிழ்நாட்டில் நூறு இடத்தில் 31 மட்டும்தான் பொதுப் போட்டி. மீதி 69 சாதிவாரியானது: பி.சி. 26.5, பி.சி. முஸ்லிம் 3.5, எம்.பி.சி. மற்றும் சீர்மரபினர் 20, எஸ்.சி. 15, அருந்ததியர் 3, எஸ்.டி. 1. சான்று சரியில்லை என்றால் அந்த 69-இல் உங்கள் பங்கு உங்களுக்கு இல்லை. பொதுப் போட்டியில் மட்டும்தான் நிற்க முடியும்.

முதல் பட்டதாரிச் சான்று கல்விக் கட்டணத்தைக் குறைக்கும். குடும்பத்தில் இதுவரை யாரும் பட்டம் வாங்கியிருக்கக் கூடாது. அண்ணன் ஏற்கெனவே பட்டம் வாங்கிவிட்டான் என்றால் தங்கைக்குக் கிடையாது. இதை மறைத்துக் கையெழுத்துப் போடச் சொல்லி என்னிடம் யாராவது வந்தால் நான் செய்ய மாட்டேன். பின்னால் தெரிந்தால் பிடித்துக்கொள்வது பிள்ளையைத்தான். இந்தச் சலுகை, தரவரிசைப்படி அரசு இடம் ஒதுக்கும் கவுன்சலிங் வழியாகக் கிடைத்த இடத்துக்குத்தான், மேனேஜ்மென்ட் கோட்டாவில் நேராகச் சேர்ந்துவிட்டு அப்புறம் கேட்டால் இல்லை.

பெயர். இது சின்ன விஷயம்போலத் தெரியும். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் சக்திவேலுக்கு ஆங்கிலத்தில் ஒரு எச் இருக்கும், ஆதாரில் இருக்காது. ஒன்றில் இன்ஷியல் முன்னால், இன்னொன்றில் பின்னால், பேங்க் பாஸ்புக்கில் அப்பா பெயர் முழுசாக. சீட் வாங்கும்போது எப்படியோ ஓடிவிடும், உதவித்தொகை வரும்போது பணம் எங்கோ தொங்கும். பத்தாம் வகுப்புச் சான்றில் எப்படியோ அப்படியே ஆதாரை மாற்றிவிடுங்கள். பேங்க் கணக்கு பிள்ளையின் பெயரில், ஆதார் இணைத்து இருக்கட்டும். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண் பிள்ளைகளுக்கு 2022 முதல் புதுமைப் பெண் திட்டத்திலும், பையன்களுக்கு 2024 முதல் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. தர்மபுரிக்கு பஸ் பாஸ் போக மீதிச் செலவுக்கு ஆகும்.

ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் இருப்பவர்களுக்குத் தனியாக

எங்கள் பெரியம்மா வீடு தேன்கனிக்கோட்டையில். அங்கே வருஷத்துக்கு ஒருவராவது இதில் மாட்டுகிறார்கள். அப்பாவுக்கு எல்லை தாண்டி கர்நாடகத்து ஆனேக்கல்லில் வேலை, பிள்ளை இரண்டு வருஷம் அங்கேயே படித்துவிட்டு ஓசூருக்கு வந்து பிளஸ் டூ முடிக்கிறது. பொறியியல் கவுன்சலிங்கில் எட்டு முதல் பன்னிரண்டு வரை ஐந்து வருஷமும் தமிழ்நாட்டில் படித்திருந்தால் கேள்வி இல்லை. நடுவில் ஒரு வருஷம் வெளியே போயிருந்தாலும் இருப்பிடச் சான்று கேட்பார்கள். அதையும் முன்கூட்டியே வாங்குங்கள்.

இன்னொன்று. கர்நாடகத்தில் வாங்கிய சாதிச் சான்று இங்கே செல்லாது. அதைக் காட்டினால் பொதுப் பிரிவில்தான் வைப்பார்கள். வீட்டில் தெலுங்கு பேசினாலும் கன்னடம் பேசினாலும் அது பிரச்சினையே இல்லை, அந்தப் பக்கம் பல வீடு அப்படித்தான். குடும்பம் இங்கேயே இருந்ததற்கான ஆதாரமும் அப்பாவின் தமிழ்நாட்டுச் சான்றும் இருக்கிறதா என்பதுதான் விஷயம்.

7.5 சதவீதம்

அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான இந்தத் தனி ஒதுக்கீடு மருத்துவத்தில் 2020-இல் வந்தது, பொறியியல், வேளாண்மை போன்ற படிப்புகளுக்கு 2021-இல். கல்விக் கட்டணம், விடுதி, கவுன்சலிங் கட்டணம் எல்லாம் அரசே கட்டும். ஒரு மாங்காய்க் குத்தகைக்காரர் இதைக் கேட்டுவிட்டு, "எல்லாமேவா?" என்று மூன்று தடவை கேட்டார். ஆமாம், எல்லாமே.

நிபந்தனை: ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளி. அரசு உதவி பெறும் பள்ளி இதில் வராது. ஆறாவது மட்டும் வேன் வரும் இங்கிலீஷ் மீடியத்தில் போட்டுவிட்டு, பணம் கட்ட முடியாமல் ஏழாவதில் அரசுப் பள்ளிக்கு மாற்றியவர்கள் வந்து நிற்கும்போது எனக்குத்தான் சங்கடமாக இருக்கும். பிள்ளை இப்போது ஐந்தாவது படிக்கிறது என்றால் இந்த வரியை இன்னொரு முறை படியுங்கள். நடுவில் பள்ளி மாறியிருந்தால் ஒவ்வொரு பள்ளியிலும் படித்ததற்கான சான்று வேண்டும், தலைமை ஆசிரியரைப் பள்ளி திறந்திருக்கும் நாளில் போய்ப் பாருங்கள். இந்த ஒதுக்கீட்டில் இருக்கும் பிள்ளை பொதுத் தரவரிசையிலும் இருக்கும். இரண்டிலும் கல்லூரிப் பட்டியல் போடலாம், ஒன்றைப் போட்டுவிட்டு இன்னொன்றை விட்டுவிடாதீர்கள்.

பட்டியல் போடுவது: இதற்குத்தான் அதிக நேரம்

மார்க் வந்து, பதிவு செய்து, சான்றிதழ் சரிபார்த்து, தரவரிசை எண் வந்த பிறகு, அந்த வரிசைப்படி சுற்று சுற்றாகக் கூப்பிட்டு, ஒவ்வொரு சுற்றுக்கும் மூன்று நாள் கொடுப்பார்கள். அந்த மூன்று நாளில் கல்லூரி, பாடப்பிரிவு என்று விரும்பும் வரிசையில் நீங்கள் ஒரு பட்டியல் போட வேண்டும். எத்தனை வேண்டுமானாலும் போடலாம்.

இங்கேதான் எல்லாரும் தப்புச் செய்கிறார்கள். "எனக்கு இது கிடைக்காது, அதனால் கிடைக்கிறதை முதலில் போடுகிறேன்" என்பார்கள். கம்ப்யூட்டர் எப்படி வேலை செய்கிறது என்று சொல்கிறேன். தரவரிசையில் முதல் ஆளைக் கூப்பிடுகிறது. அவர் பட்டியலின் முதல் வரியில் இடம் இருக்கிறதா? இருந்தால் கொடுத்துவிடுகிறது, அவருடைய மற்ற வரிகளை அது படிப்பதே இல்லை. இல்லையென்றால் இரண்டாவது வரி, மூன்றாவது வரி. அவர் முடிந்ததும் அடுத்த ஆள். உங்கள் முறை வரும்போது உங்கள் முதல் வரியிலிருந்து தொடங்கும்.

ஆகவே, கிடைக்கவே கிடைக்காத கல்லூரியை முதலில் போட்டதால் உங்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. இடம் இல்லையென்றால் அது அடுத்த வரிக்குப் போய்விடும், உங்களை வரிசையின் கடைசிக்குத் தள்ளாது. ஆனால் சுமாரான கல்லூரியை முதலில் போட்டால், அங்கே இடம் இருந்தால் அதுதான் உங்களுக்கு. கீழே எழுதிய நல்ல கல்லூரியில் இடம் காலியாக இருந்தாலும் அது எட்டிப் பார்க்காது. மண்டியில் கூடையை வைத்துவிட்டு, முதலில் வந்து விலை கேட்டவனுக்கே கொடுக்கிறேன் என்று சத்தியம் செய்தால் எப்படியோ அப்படி. யாரை முதலில் கேட்கவிடுவது என்று முடிவு செய்யும் உரிமை உங்களுக்கு இருக்கும்போது ஏன் குறைந்த விலைக்காரனை முன்னால் நிறுத்துகிறீர்கள்?

பட்டியலின் நீளம் அடுத்தது. 170-க்கு மேல் கட்-ஆஃப் இருந்த ஒரு பெண் ஆறே ஆறு கல்லூரி போட்டாள். ஆறிலும் இடம் தீர்ந்துவிட்டது. அடுத்த சுற்றில் மிச்சம் இருந்ததில் ஒன்றைப் பொறுக்க வேண்டியதாகிவிட்டது. அவளைவிட எட்டு மார்க் குறைந்த அவள் வகுப்புத் தோழிக்கு எண்பது வரிப் பட்டியலில் 23-ஆவது வரியில் நல்ல இடம் கிடைத்தது. குறைந்தது அறுபது, எழுபது வரி போடுங்கள்.

எப்படி எழுதுவது என்று கேட்டால், நான் மூன்று கூறாகப் பிரிக்கச் சொல்வேன். போன வருஷங்களில் ஒவ்வொரு கல்லூரியிலும் ஒவ்வொரு பிரிவிலும் உங்கள் சாதிப் பிரிவுக்குக் கடைசியாக எந்தக் கட்-ஆஃபில் இடம் போனது என்று கவுன்சலிங் இணையதளத்திலேயே இருக்கும். உங்கள் மார்க்குக்கு மேலே இருப்பவை ஒரு கூறு, சுற்றி இருப்பவை ஒன்று, கீழே இருப்பவை ஒன்று. மேலே இருப்பவற்றில் தயங்காமல் பதினைந்து, இருபது எழுதுங்கள். நடுவில் இருப்பவைதான் அதிகம் இருக்க வேண்டும். கீழே பத்துப் பதினைந்து. பார்க்கும்போது உங்கள் பிரிவின் எண்ணைப் பாருங்கள், பக்கத்துக் கட்டத்தில் இருக்கும் பொதுப் பிரிவு (ஓ.சி.) எண்ணைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள்.

கல்லூரியைப் பெயரை வைத்துத் தேடாதீர்கள், எண்ணை வைத்துத் தேடுங்கள். ஒரே சாமி பெயரில் நாலு ஊரில் நாலு கல்லூரி இருக்கும். கிண்டி பொறியியல் கல்லூரிக்கு எண் 1, குரோம்பேட்டை எம்.ஐ.டி.க்கு 4. மற்ற பெரும்பாலான கல்லூரிகளுக்கு நான்கு இலக்க எண். நோட்டில் எண்ணையும் பாடப்பிரிவின் இரண்டெழுத்துக் குறியீட்டையும் எழுதிக்கொண்டு வாருங்கள். சி.எஸ். ஒன்று, அதன் பக்கத்தில் செயற்கை நுண்ணறிவு, டேட்டா சயின்ஸ் என்று வரும் பிரிவுகள் வேறு வேறு. "கம்ப்யூட்டர் மாதிரி ஏதோ ஒன்று" என்று சொன்னால் நான் எதை டைப் செய்வது?

நம் ஊர்ப் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பர்கூரில் அரசு பொறியியல் கல்லூரி 1994-லிருந்து இருக்கிறது. தர்மபுரியில் செட்டிக்கரையில் 2013-லிருந்து இருக்கிறது. கோவை, சென்னை என்று எங்கெங்கோ இருக்கும் தனியார் கல்லூரிகளை மேலே எழுதிவிட்டு, வீட்டுப் பக்கத்தில் இருக்கும் அரசுக் கல்லூரியை ஐம்பதாவது வரியில் தள்ளுகிறார்கள். பிள்ளைக்கு வெளியூர் ஆசை இருக்கும், எனக்கும் இருந்தது. ஆனால் அரசுக் கல்லூரியின் கட்டணத்தையும் தனியார் கட்டணத்தையும் விடுதிச் செலவோடு சேர்த்து நான்கு வருஷத்துக்கு ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். அப்புறமும் ஐம்பதாவது வரிதான் என்றால் சரி, உங்கள் இஷ்டம்.

பெண் பிள்ளைகளின் பட்டியலில் ஒரு வித்தியாசம் பார்க்கிறேன். பிள்ளை ஒரு பட்டியலோடு வரும், அப்பா உட்கார்ந்ததும் தர்மபுரி, சேலம் தவிர எல்லாவற்றையும் அடித்துவிடுவார். அதை வீட்டிலேயே பேசி முடித்துவிட்டு வாருங்கள். கடையில் இருபது பேர் முன்னால் அந்தப் பேச்சு நடந்தால் பிள்ளை எதற்கும் தலையாட்டிவிடும்.

இடம் வந்த பிறகு ஐந்து பட்டன்கள்

தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் இரண்டு நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். ஏற்றுக்கொண்டு சேர்கிறேன். ஏற்றுக்கொள்கிறேன், என் பட்டியலில் இதற்கு மேலே எழுதியது காலியானால் அதற்கும் காத்திருக்கிறேன். இது வேண்டாம், மேலே கிடைத்தால் மட்டும் போதும். வேண்டாம், அடுத்த சுற்றுக்குப் போகிறேன். வேண்டாம், விலகுகிறேன். ஐந்தும் ஆங்கிலத்தில், ஒன்றன்கீழ் ஒன்றாக, பார்க்க ஒரே மாதிரி இருக்கும்.

2019-இல் ஒரு பையன் இரண்டாவதைக் கேட்டான். நான் முதலாவதை அமுக்கிவிட்டேன். அன்றைக்குக் கரண்ட் எப்போது போகும் என்ற பதற்றம், பெஞ்சில் பத்துப் பேர். ஓ.டி.பி. போட்டு உறுதியும் செய்துவிட்டோம். பிரிண்ட் எடுத்துக் கையில் கொடுத்த பிறகு அவன்தான் பார்த்தான். எதுவும் சொல்லவில்லை. "பரவாயில்லக்கா" என்றான், அவ்வளவுதான். மேல்நோக்கிய ஒதுக்கீடு வந்தபோது, அவன் பட்டியலில் ஏழாவதாக எழுதிய இடம் அவனுக்குப் பின்னால் இருந்த ஒருவனுக்குப் போயிருந்தது. அவன் இப்போது ஓசூரில் ஒரு கம்பெனியில் இருக்கிறான், நன்றாகத்தான் இருக்கிறான், தீபாவளிக்கு வந்தால் கடையில் தலைகாட்டிவிட்டுப் போவான். எனக்குத்தான் இன்னும் ஆறவில்லை. அதற்குப் பிறகு அந்தப் பக்கம் திறந்தால் மவுஸை நான் தொடுவதில்லை. ஒவ்வொரு வரியையும் தமிழில் சத்தமாகப் படிப்பேன், பிள்ளையே அமுக்க வேண்டும். வேறு கடைக்குப் போனாலும் நீங்களே அமுக்குங்கள்.

இரண்டாவது பட்டனைப் பற்றி ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். மேலே ஒரு இடம் கிடைத்துவிட்டால் கையில் இருந்த பழைய இடம் தானாகப் போய்விடும், "இல்லை, பழையதே இருக்கட்டும்" என்று திரும்ப முடியாது. அதனால்தான் பட்டியலின் வரிசை உண்மையாக இருக்க வேண்டும். மூன்றாவது பட்டன், இது வேண்டாம், மேலே மட்டும் என்பது, வேறு எங்காவது உறுதியான இடம் கையில் இருப்பவர்களுக்கு. வீறாப்புக்கு அமுக்காதீர்கள். ஏற்றுக்கொண்ட பிறகு குறித்த நாளுக்குள் போய்ச் சேரவோ கட்டணம் கட்டவோ வேண்டும். நாள் தவறினால் இடம் ரத்து. பணம் புரட்டுவதை ஒதுக்கீடு வந்த அன்று தொடங்கினால் தாமதம்தான்.

பாஸ்வேர்டும் டி.சி.யும்

ஜூன் மாதம் ஊருக்குள் வேன் வரும். லேப்டாப் பையோடு இரண்டு பேர், கையில் நோட்டீஸ், "பதிவுக் கட்டணம் நாங்களே கட்டுகிறோம், பட்டியலும் நாங்களே போடுகிறோம், ஒரிஜினல் டி.சி. மட்டும் கொடுங்கள்" என்பார்கள். எந்தக் கல்லூரி என்று எழுதப்போவதில்லை, ஒன்றிரண்டு என்றால் எழுதலாம். பதிவுக் கட்டணம் பொதுப் பிரிவு, பி.சி., எம்.பி.சி.க்கு 500 ரூபாய், எஸ்.சி., எஸ்.டி.க்கு 250. அந்தப் பணத்துக்காக ஒரு பிள்ளை தன் பாஸ்வேர்டைக் கொடுத்தது. அது கேட்ட கல்லூரிகள் எதுவும் பட்டியலில் இல்லை, முதல் வரியில் வேனில் வந்தவர்களின் கல்லூரிதான் இருந்தது.

பாஸ்வேர்டை எனக்கும் சொல்லாதீர்கள், நீங்களே டைப் செய்யுங்கள். ஒரிஜினல் சான்றிதழ்களைச் சேரும் அன்று சரிபார்க்கக் காட்டினால் போதும். கல்லூரிகள் அவற்றைப் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழுவே (யு.ஜி.சி.) சொல்லியிருக்கிறது. இப்போதே அட்வான்ஸ் கட்டினால் சலுகை என்றால், கவுன்சலிங் முடிந்து வருகிறேன் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போங்கள்.

பொறியியல் வேண்டாதவர்களுக்கு

இதற்கு அவ்வளவு சிக்கல் இல்லை. அரசு கலை அறிவியல் கல்லூரிகளுக்கு ஒரே இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். தர்மபுரி, பென்னாகரம், காரிமங்கலம், கிருஷ்ணகிரி என்று பல கல்லூரிகளைச் சேர்த்தே போடுங்கள், ஒன்றோடு நிற்காதீர்கள். பி.ஏ. தமிழுக்குத் தமிழ் மார்க், பி.ஏ. ஆங்கிலத்துக்கு ஆங்கில மார்க், மற்றவற்றுக்கு மொழிப்பாடம் தவிர்த்த நான்கு பாட மார்க். பொறியியல் கட்-ஆஃபில் பின்தங்கிய பிள்ளைக்குத் தமிழில் 96 இருந்தால் அது இங்கே தங்கம். அழைப்பு கைபேசியிலும் கல்லூரி அறிவிப்புப் பலகையிலும் வரும். சொன்ன நாளில் சொன்ன நேரத்தில் அசலோடு போய் நிற்க வேண்டும், அடுத்த நாள் போனால் இடம் அடுத்தவருக்கு. என் அப்பா கரும்பு லோடு ஏற்றிக்கொண்டு சர்க்கரை ஆலை வரிசையில் நின்ற நாளில்தான் எனக்கு அழைப்பு வந்தது. பக்கத்து வீட்டு மாமி கூட்டிக்கொண்டு போனார். போகாமல் இருந்திருந்தால் இந்தக் கடையும் இல்லை.

கடைக்கு வரும்போது

பத்து, பதினொன்று, பன்னிரண்டு மார்க் ஷீட், டி.சி., சான்றிதழ்கள், ஆதார், வெள்ளைப் பின்னணியில் பாஸ்போர்ட் போட்டோ எட்டு. ஒரு கோப்பில் அசல், இன்னொன்றில் ஐந்து செட் நகல். ஓ.டி.பி. வரும் போன், சார்ஜோடு. பட்டியலை நோட்டில் எழுதி வாருங்கள், பென்சிலில். நீங்கள் என்னதான் யோசித்து எழுதினாலும் மூன்று நாளில் மூன்று தடவை மாறும். ரப்பர் நான் வைத்திருக்கிறேன்.